லைசென்ஸ் கையில், லோரி எங்கே?

"எத்தனை வருட அனுபவம்?"

காம்பாரில் லோரி வேலை கேட்டுப் போகிற நம் வாலிபன் முதலில் சந்திக்கும் கேள்வி இதுதான். இப்போதுதான் லைசென்ஸ் எடுத்தேன் என்று அவன் சொன்னால், "இரண்டு வருடம் எங்கேயாவது ஓட்டிவிட்டு வா" என்று பதில் வருகிறது. அந்த 'எங்கேயாவது' எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அடுத்த கடைக்குப் போனால் அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். நீச்சல் கற்றுக்கொண்ட பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

தாயாரின் சங்கிலியை அடகு வைத்துப் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டியவன் அவன். பெரிய லோரி ஓட்ட 'ஈ' வகுப்பு லைசென்ஸ், சரக்கு வண்டிக்கு ஜி.டி.எல்., டாக்டரிடம் பரிசோதனை என்று ஒவ்வொரு படியாக ஏறி முடித்திருக்கிறான். லைசென்ஸ் இருக்கும் அதே சட்டைப் பையில்தான் அடகுச் சீட்டும் இருக்கிறது. வட்டி மாதந்தோறும் ஏறுகிறது, வேலைதான் கிடைக்கவில்லை.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகை லோரிக்காரன் கவலையை ஏன் சுமக்கிறது என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த லோரிக்காரன் யார்? நேற்று வரை நம்முடன் பால்மரம் வெட்டியவரின் மகன். பல வீடுகளில் பேரன். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அஜீஸ் ஆராய்ந்து 1962-இல் அறிக்கை வெளியிட்டார். துண்டாடலுக்கு ஈடுகொடுக்கத்தான் 1960-இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு 1968-ஆம் வருட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத நம்மவர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து கப்பலேறினார்கள். எஞ்சிய தோட்டங்களிலும் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனை போன இடத்தில் வீடுகள் எழுந்தன. கிந்தா பள்ளத்தாக்கில் மற்றொரு பெரிய பிழைப்பாக இருந்த ஈயமும் 1985 அக்டோபரில் உலகச் சந்தை சரிந்தபோது விழுந்தது. காட்டு வேலையும் போய், லம்ப வேலையும் போன பிறகு, உடல் வலுவும் ஐந்தாம் பாரத்துப் படிப்பும் உள்ள பையனுக்குச் சொந்த ஊரிலேயே கௌரவமாகப் பிழைக்க மிஞ்சியிருக்கும் சில தொழில்களில் லோரி ஒன்று. ஆகவே இது நம் வீட்டுச் சங்கதிதான்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. தோட்டத்திலேயே ஒரு லோரி இருந்தது. பால் கொட்டகையிலிருந்து ஸ்டோருக்குப் பால் கொண்டு போனதும், தூரத்து வெளிக்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப் போனதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும், திருவிழாவுக்கு லயத்தையே அள்ளிக்கொண்டு போனதும் அந்த ஒரே லோரிதான். அதன் டிரைவருக்குக் கிராணிக்கு அடுத்த மரியாதை இருந்தது. அவர் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். லோரி கழுவுவான், டயர் மாற்றுவான், கயிறு கட்டுவான், பின்னால் நின்று "வா, வா, போதும்" என்று கத்துவான். மாலையில் காலி லோரியைச் செம்மண் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கவும் அவனுக்கு இடம் கிடைக்கும். இப்படி மூன்று நான்கு வருடம் போனால், லைசென்ஸ் எடுக்கும் முன்பே அவனுக்கு லோரியின் குணம் தெரிந்துவிடும். தோட்டத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்தது சட்டத்துக்கு உட்பட்டதா என்று இன்று கேட்டால் நாம் பதில் சொல்லத் தயங்குவோம். ஆனால் அவன் தொழில் கற்றான்.

இது நம் தோட்டங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தமிழ்நாட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகியவை லோரித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். அங்கேயும் டிரைவர்களாகப் பேரெடுத்த பலர் கிளீனராக ஏறியவர்களே.

தோட்டம் போனதோடு அந்தப் பள்ளிக்கூடமும் போயிற்று. இன்று பயிற்சிப் பள்ளியில் காலி வண்டியை வைத்து வளைவதும், பின்வாங்குவதும், மேட்டில் நிறுத்தி எடுப்பதும் கற்றுத் தருகிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் பத்து டன் செங்கல் பின்னால் இருக்கும்போது பிரேக்கை எங்கே தொடங்கி மிதிக்க வேண்டும், மழையில் தார்ப்பாயை எப்படி இழுத்துக் கட்ட வேண்டும், சந்தை நாளில் காம்பார் கடைத்தெருவில் இரண்டு வரிசைக் கார்களுக்கு நடுவே சரக்கு இறக்குவது எப்படி என்பதெல்லாம் காலி வண்டியில் தெரிந்துவிடுமா? முதலாளிமார் அனுபவம் கேட்பதில் நியாயமே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. லோரிக்கும் சரக்கும் விலை உண்டு. சாலையில் போகிறவன் உயிருக்கு விலையே இல்லை. அந்த அனுபவத்தைக் கொடுக்கும் பொறுப்பை எல்லாரும் அடுத்தவன் தலையில் கட்டிவிடுகிறார்களே என்பதுதான் நமது வழக்கு.

சட்டம் வகுத்திருக்கும் வயதுக் கணக்கைப் பாருங்கள். 17 வயதில் கார் லைசென்ஸ் எடுக்கலாம். 'ஈ' வகுப்புக்கு 21 வயது நிறைய வேண்டும். பள்ளியை விட்ட நாளுக்கும் லோரியில் ஏறும் நாளுக்கும் நடுவே நான்கு வருடம் கிடக்கிறது. அந்த நான்கு வருடத்தில்தான் நம் பிள்ளை சிங்கப்பூருக்கு பஸ் ஏறுகிறான். அல்லது தெருமுனையில் நிற்கிறான். அங்கே அவனுக்கு வேறு வேலை கொடுக்கக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். லோரி உதவியாள் வேலைக்குப் பெரிய லைசென்ஸ் தேவையில்லை. பழைய தோட்டத்துப் பையன் உட்கார்ந்த அந்த இடப்பக்க ஆசனம் இன்றும் காம்பாரில் ஓடும் ஒவ்வொரு லோரியிலும் இருக்கிறது. பெற்றோர்கள் அதை மட்டமான வேலை என்று எண்ணி மகனைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சம்பளம் குறைவுதான். ஆனால் 21 வயதில் லைசென்ஸ் எடுத்து வரும்போது, "இவன் என் லோரியில் மூன்று வருடம் இருந்தவன்" என்று சொல்ல ஒரு முதலாளி இருப்பார். அந்த ஒரு வாக்கியம் பத்து விண்ணப்பங்களுக்குச் சமம்.

இனி, வேலை எங்கே இருக்கிறது? காம்பாரை வெறும் பழைய ஈய ஊர் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தது. 2009-இல் காம்பார் கிந்தாவிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. வீடுகளும் கடைகளும் எழுந்தபோது சிமெண்டு, இரும்பு, மணல், ஓடு, தளவாடம் எல்லாம் லோரியில்தான் வந்தன, இன்றும் வருகின்றன. பழைய ஈயக் குட்டைகளில் மாலிம் நாவார் பக்கம் மீனும் வாத்தும், தஞ்சோங் துவாலாங்கில் இறாலும் வளர்க்கிறார்கள். அவற்றுக்குத் தீவனம் போக வேண்டும். பிடித்தது சந்தைக்கு வர வேண்டும். சிம்பாங் பூலாய்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் மலைகள். தாப்பா வழியாகக் கேமரன் மலைக் காய்கறி இறங்குகிறது. சுற்றிலும் செம்பனைக் குலை ஆலைக்குப் போகிறது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்ட பிறகு தூரத்து லோரிகள் அதில் போய்விட்டாலும், கோப்பெங், காம்பார், தெமோ, தாப்பா என்று ஊர் ஊராகச் சரக்கு இறக்குகிற வண்டிக்குப் பழைய சாலைதான் இன்றும் சாலை.

இவை அனைத்தும் புதியவனுக்கு ஏற்றவையா என்றால், இல்லை. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரக்கு லோரிகளுக்கு இந்த நாட்டில் இரண்டு விதமான உரிமம் உண்டு. 'ஏ' என்பது கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றுகிற வண்டிக்கு. 'சி' என்பது தன் சொந்தச் சரக்கைத் தானே கொண்டு போகிற கடைக்கும் ஆலைக்கும் பண்ணைக்கும். வேலை தேடுகிற வாலிபன் முதலில் 'சி' லோரிகளைத் தேடிப் போக வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஹார்ட்வேர் கடை, பலகைக் கடை, தளவாடக் கடை, தீவன வியாபாரி, மளிகை மொத்த வியாபாரி ஆகியோரின் வண்டிகள் காலையில் புறப்பட்டுப் பெரும்பாலும் மாலையில் கடைக்குத் திரும்பிவிடும். ஈப்போ வரை போனாலும் சுமார் 40 கிலோமீட்டர்தான். ஒரே சாலையில் தினமும் ஓடுவதால் எந்த வளைவு ஏமாற்றும், எந்தப் பாலம் குறுகல் என்பது மூன்று மாதத்தில் மனப்பாடமாகிவிடும். சம்பளமும் மாதச் சம்பளமாக இருக்க வாய்ப்பு அதிகம். 'டி' லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட சரக்கில்லா எடை 3,500 கிலோவுக்கு மேற்படாத சிறு லோரியில் தொடங்கலாம். அதிலிருந்து 5,000 கிலோ வரையுள்ள 'ஈ2', 7,500 கிலோ வரையுள்ள 'ஈ1' என்று படிப்படியாக ஏறலாம். எடுத்த எடுப்பில் டிரெய்லர்தான் ஓட்டுவேன் என்று நிற்கிற வாலிபரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

கேமரன் மலைக் காய்கறி லோரியை முதல் வருடத்தில் தொட வேண்டாம். தாப்பாவிலிருந்து ரிங்லட் ஏறும் சாலை தூக்கத்தில் ஓட்டக்கூடிய சாலையன்று. காய்கறியோ காத்திருக்காத சரக்கு.

இந்தக் கடைகள் விளம்பரம் போடுவது அபூர்வம். பெர்கேசோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலைத் தளத்தில் பெயரைப் பதியத்தான் வேண்டும், அதற்குச் செலவில்லை. ஆனால் காம்பார் சீனர் மிகுந்த ஊர். குடும்ப வியாபாரங்களில் ஆள் சேர்ப்பது வாய்ச் சொல்லில்தான் பெரும்பாலும் நடக்கிறது. ஆகவே நேரில் போங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் லோரியும் இருக்காது, தவுக்கேயும் இருக்க மாட்டார். காலையில் சரக்கு ஏற்றும் நேரத்தில் போய், முதலில் அங்குள்ள டிரைவரிடம் பேசுங்கள். நாலு மூட்டை தூக்கிக் கொடுத்தால் கை தேய்ந்துவிடாது. யார் நின்றுவிடப் போகிறார், எந்த வண்டி புதிதாக வாங்கப்போகிறார்கள் என்பது முதலாளிக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும்.

நாம் அஞ்சுவது வேறொன்றைப் பற்றி. அனுபவம் கேட்காமல், காகிதம் கேட்காமல், "நாளைக்கே வா" என்று கூப்பிடுகிற இடங்களும் உண்டு. பல நாள் அலைந்து களைத்த பையனுக்கு அது தெய்வம் கொடுத்த வரமாகத் தோன்றும். அங்கே சம்பளம் டிரிப் கணக்கு. கல்லோ மண்ணோ, எத்தனை நடை அடித்தாயோ அத்தனைக்குக் காசு. நடை அதிகமாக வேண்டுமானால் வேகம் வேண்டும். ஒரு நடையில் காசு அதிகமாக வேண்டுமானால் பாரம் வேண்டும். புதியவனோ எதிர்த்துப் பேச மாட்டான். பேசினால் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். அவனை எடுத்தவருக்கும் அது தெரியும்.

2025 மே 13-ஆம் நாளை நாம் மறக்க முடியாது. தெலுக் இந்தானில் நம் மக்கள் கொண்டாடிய சித்ரா பௌர்ணமி விழாவுக்குக் காவல் புரிந்துவிட்டு ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் லோரி மீது, கல் ஏற்றி வந்த லோரி மோதியது. ஒன்பது போலீஸ்காரர்கள் மாண்டார்கள். அரசாங்கம் அமைத்த குழுவின் விசாரணை ஸ்டியரிங் பழுதையும் அளவுக்கு மிஞ்சிய பாரத்தையும் சுட்டிக்காட்டியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்ற உத்தரவு 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கட்டங்கட்டமாக அமலுக்கு வந்தது. நமக்குக் காவல் நின்ற அந்த ஒன்பது குடும்பங்களின் துக்கம் பேராக் தமிழர்களின் துக்கமும் ஆகும். இப்படிப்பட்ட விபத்துகளில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் அதே இடத்தில் அகப்படுகிறான். பாரம் ஏற்றச் சொன்னவரையும், பழுதுபார்க்கப் பணம் தராதவரையும் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

ஆகையால் ஒவ்வொரு புதிய டிரைவரும் ஒரு கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும். லோரியின் பக்கத்தில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று சரக்கில்லாத எடை, மற்றொன்று சரக்கோடு கூடிய எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக 16,000 கிலோவில் 5,200 கிலோவைக் கழித்தால் 10,800 கிலோ. அந்த வண்டி சுமக்கலாம் என்று சட்டம் சொல்வது அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற்றினால் முதலாளி மட்டுமல்ல, ஓட்டுகிறவனும் குற்றவாளி. வேகம், சிவப்பு விளக்கு முதலிய குற்றங்களுக்குப் புள்ளி ஏறுவதும் டிரைவரின் பெயரில்தான். லோரியின் பெயரில் அல்ல. முதலாளிக்கு ஒரு லோரி நின்றால் இன்னொரு லோரி. நம் பிள்ளைக்கு அந்த லைசென்ஸ் ஒன்றுதான். காலையில் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங் பார்த்துக் கோளாறு இருந்தால் வாயால் சொல்வதோடு நிற்காமல் கைத்தொலைபேசியில் எழுதி அனுப்பி வைக்க வேண்டும். "சொன்னேன்" என்பதற்குச் சாட்சி இல்லை, எழுதியதற்கு உண்டு.

வேலைக்குச் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை நம் வாலிபர்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறார்கள். மாதச் சம்பளமா, டிரிப்பா? டிரிப் என்றாலும் மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போகக் கூடாது. அது 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி; ஐந்து பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் அதே வருடம் ஆகஸ்டு முதல் அதே அளவு. வேலை நேரம் எவ்வளவு? 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி. அதற்கு முன் 48. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு வேண்டும். அதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. 1955-ஆம் வருடத் தொழில் சட்டம், சம்பளம் எவ்வளவானாலும், சரக்கு வண்டி ஓட்டுகிறவனைக் குறிப்பிட்டே தன் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது. இது பல டிரைவர்களுக்கே தெரியாது.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். பம்பர் நசுங்கியது, மூட்டை கிழிந்தது என்று சொல்லி முதலாளி நினைத்த தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. பெர்கேசோவும் சேமநிதியும் கட்டுகிறார்களா என்பதை முதல் மாதமே விசாரித்துவிட வேண்டும். கால் முறிந்த பிறகு விசாரிப்பதில் பயன் இல்லை.

"நீ தொழிலாளி அல்ல, கொந்திராக்டு" என்று சொல்லி இவற்றிலிருந்து நழுவுவது இப்போது வழக்கமாகிவிட்டது. லோரி அவருடையது, எண்ணெய் அவருடையது, எப்போது எங்கே போக வேண்டும் என்று சொல்வது அவர். ஆனால் பையன் மட்டும் சுயதொழில்காரனாம்! 2023-இல் அமலுக்கு வந்த திருத்தம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வேலையின் முறையும் நேரமும் ஒருவர் கட்டுப்பாட்டில் இருந்து, கருவியும் அவர் கொடுத்ததாக இருந்தால், அவர் முதலாளி, இவர் தொழிலாளி என்றே சட்டம் அனுமானிக்கும். தகராறு வந்தால் தொழில் இலாகாவுக்குப் போகலாம். சம்பள வழக்குக்கு வக்கீல் வைக்கத் தேவையில்லை.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. 2021 செப்டம்பரில் பிரிட்டனில் பெட்ரோல் நிலையங்களில் மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, அதைக் கொண்டு போக லோரி டிரைவர்கள் போதவில்லை. வயதானவர்கள் விலக, புதியவர்களைப் பழக்காமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம். கடைசியில் அரசாங்கப் பணத்தில் அவசரப் பயிற்சி நடத்த வேண்டியதாயிற்று. டிரைவர் கிடைக்கவில்லை என்று இங்கேயும் முறையிடுகிறார்கள். அதே வாயால் புதியவனைத் திருப்பி அனுப்புகிறார்கள். உங்கள் மூத்த டிரைவரின் பக்கத்தில் ஒரு புதியவனை மூன்று மாதம் சம்பளத்தோடு உட்கார வையுங்கள். முதல் மாதம் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் காலி வண்டியைத் திருப்பிக் கொண்டு வரட்டும். மூன்றாம் மாதம் மூத்தவர் பக்கத்தில் இருக்கப் பாரத்தோடு ஓட்டட்டும். கற்றுத் தரும் மூத்தவருக்கு அந்த மூன்று மாதமும் ஒரு படி கொடுங்கள்; சும்மா கற்றுக்கொடு என்றால் எவரும் மனம் வைத்துக் கற்றுத் தர மாட்டார்கள். அரசாங்கம் லைசென்ஸ் எடுக்கப் பண உதவி செய்வதோடு தன் கடமை முடிந்தது என்று எண்ணாமல், இந்த மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்க முன்வர வேண்டும் என்று நாம் கோருகிறோம். லைசென்ஸ் கொடுத்து வீதியில் விடுவதற்கு ஆகிற செலவு பாதி வீண்.

காம்பார் வட்டாரத்தில் நம் குடும்பங்களிலிருந்தே லோரி ஓட்டப் போய் இன்று மூத்தவர்களாக இருப்பவர்கள் பலர். எந்தக் கடையில் ஆள் தேவை, எந்த இடத்தில் ஒழுங்காகச் சம்பளமும் பெர்கேசோவும் கிடைக்கிறது, எந்த இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைக் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் தங்கள் பெயர், வயது, லைசென்ஸ் வகுப்பு, உதவியாளாக இருந்த காலம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். சேர்ந்த இடத்தில் கொடுக்கும் ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் ஒரு நாள் கேட்டு வாங்கிக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.